விதைநெல்லும் பசித்தீயும்

கல்வி பயிலும் இளைஞரைப் பசிப்பிணி நீக்கும் பெருமுயற்சியிற் புகுத்துதல் தக்கதோ தகாததோ என்பது இந்நாளில் ஆராயத்தக்க வினாக்களுள் ஒன்று. எல்லார்க்கும் எக்காலத்தும் உடலோம்புதற்கு வேண்டுமளவு நல்லுணவு எட்டுமாறு செய்தலை உணவுப் பாதுகாப்பு என்று இக்காலத்தார் வழங்குவர். 2024-ஆம் ஆண்டில் உலகின்கண் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியோடிருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் முதலியன கணக்கிட்டுரைக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் வீடுகளிலும் உண்டிச்சாலைகளிலும் கடைகளிலுமாக வீணே கழிக்கப்பட்ட உணவு 105 கோடி டன் என்பது அவ்வவையின் சுற்றுச்சூழல் திட்டத்தார் வெளியிட்ட கணக்கு. இவ்விரண்டெண்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு, பசியென்பது விளைவின்மையான் மட்டும் வருவதன்று என்பது எளிதிற் புலனாம்.

அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தில், கோதுமை ஆராய்ச்சியாற் பெயர்பெற்ற நார்மன் போர்லாக் என்பார் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசின் சார்பாக, 1994 முதல் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் கூடும் மன்றமொன்று நடைபெற்று வருகின்றது. ஒவ்வொரு மாணாக்கரும் ஒரு நாட்டின் உணவுக்குறையொன்றை எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்து கட்டுரையாக எழுதி, அறிஞர் முன்னிலையிற் படித்துக்காட்டுவர். அப்பரிசினை 1987-இல் முதன்முதற் பெற்றவர் நம் குடந்தையிற் பிறந்த மா. சா. சுவாமிநாதன் அவர்கள். இத்தகைய முயற்சி நம் பள்ளிகளிலும் வேண்டுமென்பர் ஒருசாரார். பாடத்தைப் படித்துத் தேறுதற்கே பொழுது போதாத பிள்ளைக்கு இஃதெற்றுக்கு என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. யாம் இதனை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியை முன்னிறுத்தி ஆராயப் புகுந்தாம். என்னையெனின், பொதுப்படப் பேசுங்கால் எல்லா அறமும் எளியவாகத் தோன்றும். ஓரூரைச் சுட்டிப் பேசுங்காலன்றோ அவற்றின் இடர்ப்பாடு விளங்குவது.

அப்பகுதியிற் பசியின் வரலாறு தெருப்பெயர்களினும் கட்டடங்களினும் எழுதப்பட்டுக் கிடக்கின்றது. ஐதரலி படையெடுப்பால் நாட்டுப்புறம் பாழ்பட்டு மக்கள் சென்னையை நோக்கி ஓடிவந்த காலத்து, 1782-இல், அவர்க்குக் கஞ்சி வார்த்தற்கென்று அமைந்ததே இராயபுரத்து மணியக்காரர் சத்திரம். அதன் சார்பில் எழுந்த மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே மக்கள் வழங்கினர். பின்னாளில் அது வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையாய பின்னரும் அப்பெயர் முதியோர் வாயினின்று நீங்கிற்றிலது. 1876 முதல் 1878 வரை இம்மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திலோ, சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோற் குவிந்து கிடந்தன. காவலரும் நின்றனர். மூட்டைக்கும் வயிற்றுக்கும் இடையே நின்றது கடலன்று, விலை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்திற் கூலிக்கு மண்சுமந்தார் கைகளால் வெட்டப்பட்டதாகும். அக்கால்வாயே வடக்கே எண்ணூர்க் கழியையும் ஊடறுத்துச் செல்கின்றது. இன்று அதன் கரையில் நின்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுள் எத்துணைப்பேர் அறிவர், தாம் காணும் கால்வாயின் ஒரு பகுதி பசித்தோர் வெட்டிய பள்ளமென்று?

விளைவின்மையும் விலையின்மையும் வேறுவேறு என்னும் இவ்வுண்மை நம்மனோர்க்குப் புதிதன்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலத்துச் சம்பந்தர்க்கும் அப்பர்க்கும் இறைவன் அளித்தது நெல் அன்று, பொற்காசு என்று பெரியபுராணம் கூறுகின்றது. கடைத்தெருவிற் பண்டம் இருந்தது. கொள்ளுதற்குக் காசில்லை. அதனினும் நுணுக்கமாக, சம்பந்தர் பெற்ற காசு வாசியுடையதாயிருந்தமையின் அதனை மாற்றுதற்குக் காலம் நீண்டு, அவர் மடத்தில் அமுது தாழ்ந்தது என்றும், அப்பர் பெற்ற காசு கைத்தொண்டு செய்தார் பெற்ற காசாதலின் வாசியற்றதாயிருந்தது என்றும் அவ்வரலாறு கூறும். காசின் மாற்றுக் குறையின் உலை தாழும் என்பதனைப் பொருணூலார் 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்து விளக்கினர். அமர்த்தியா சென் என்னும் வங்க அறிஞர் 1981-இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் என்னும் நூல், உணவு இருந்தும் அதனைப் பெறும் உரிமை இழந்தமையாலேயே மக்கள் மடிந்தனர் என்பதனை 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கொண்டு நிறுவுகின்றது.

அவ்வறிஞர் அப்பஞ்சத்தின்போது சாந்திநிகேதனத்தில் ஒன்பது வயதுச் சிறுவர். வாயிலில் வந்து கையேந்தினார்க்குச் சிகரெட்டுத் தகரப்பெட்டியளவு அரிசி கொடுக்குமாறு அவர்தம் பாட்டனார் விடையளித்திருந்தார். சிறுவர் கொடுத்தார். அத்தகரப்பெட்டி அரிசியால் எத்துணைப்பேர் உயிர்பிழைத்தனரோ யாமறியோம். ஆயின் கொடுத்த கைக்குரிய நெஞ்சினுள், இவர் ஏன் வந்தனர் என்னும் வினா விழுந்துவிட்டது. அது முளைத்து நூலாக ஏறத்தாழ நாற்பதாண்டு சென்றது. அதே பஞ்சச் செய்தி, அப்பொழுது திருவனந்தபுரத்தில் விலங்கியல் பயின்றுகொண்டிருந்த சுவாமிநாதன் அவர்களையும் தைத்தது. மருத்துவராகிய தந்தையாரின் வழியே தாமும் மருத்துவராதல் வேண்டுமென்று குடும்பத்தார் கருதியிருந்தும், அவர் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியை நாடிச் சென்றார். இவ்விருவரையும் எவரும் ஒரு திட்டத்திற் சேர்த்திலர், பதக்கமும் அளித்திலர். பசியைக் கண்முன் காணவும், அதனைக் குறித்து வினவவும் அவர்க்குத் தடையில்லாதிருந்தது, அவ்வளவே.

இனித் தடைகளை நோக்குவாம். மாணாக்கனுக்குரிய அறம் கற்றல், இல்லறத்தானுக்குரியது ஈதல். ஒன்றன் அறத்தை மற்றொன்றன் தலையில் ஏற்றுதல் முறையன்று என்பது முதற்றடை. இது வலியுடையதுபோற் காணினும், கற்றல் என்பதற்கு மிகக் குறுகிய பொருள்கொண்டு எழுந்தது. நீர்க்கோவையும் மண்வகையும் பூகோள வகுப்பிற் கற்கும் பிள்ளை, தன் ஊர்க்கழியின் மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்தல் கற்றலுக்குப் புறம்பாமோ? விழுக்காடு போடக் கற்ற பிள்ளை, தன் பள்ளியிற் சமைத்த சோற்றில் எவ்வளவு எஞ்சிற்றென்று போட்டுப் பார்ப்பின் கணக்கு மறந்தா போகும்?

பசித்தல் அவரவர் வினைப்பயன், அதனை மாற்றப் புகுதல் சிறார்க்கு ஆகுமோ என்பாரும் உளர். அவர்க்கு நீண்ட விடை வேண்டா. தம் பிள்ளை பசித்தழும்பொழுது வினைப்பயன் என்று சொல்லி அடுப்பை அவிப்பார் அவருள் ஒருவருமிலர். தம் பசிக்குச் சோற்றையும் பிறர் பசிக்குச் சாத்திரத்தையும் வைத்திருப்பாரோடு வாதாடுதல் வீண்.

மூன்றாவது தடையே உண்மையில் நெஞ்சை உறுத்துவது. வடசென்னைப் பள்ளிகளிற் பயில்வார் பெரும்பாலும் மீனவர் மக்கள், துறைமுகத்திலும் ஆலைகளிலும் கூலிக்கு உழைப்பார் மக்கள். பசியைத் தீர்க்குமாறு யாரை அழைக்கின்றோமோ அவரே பசிக்கு அணித்தாக இருப்பவர். ஒரு குடும்பம் வறுமையினின்று ஏறுதற்கு அப்பிள்ளையின் கல்வியாண்டுகளே ஏணி. அவ்வாண்டுகளை ஊர்வேலைக்குச் செலவிடச் சொல்லுதல் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதனோடொக்கும் என்பர் இத்தடை கூறுவார்.

விதைநெல்லைச் சமைத்தார் ஒருவரை நாம் நன்கறிவோம். மழையிருளில் வந்த அடியாரின் பசி நீக்குதற்கு அன்று பகலில் விதைத்த முளைநெல்லையே வாரிக்கொணர்ந்த இளையான்குடி மாறனாரை நாயன்மாருள் ஒருவராக வைத்துப் போற்றுகின்றோம். அங்ஙனமாயின் விதைநெல்லைச் சமைத்தல் புண்ணியமன்றோ எனின், ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கல்வேண்டும். மாறனார் வாரியது தம் விதைநெல்லை. அயலான் வயலிற் புகுந்து வாரினாரல்லர். கூரைவரிச்சை அறுத்து அடுப்பெரித்ததும் தம் வீட்டுக் கூரையே. பிறன் விதையை வாரி அடியார்க்கு அமுதூட்டியிருப்பின் அவர் வரலாறு புராணத்தில் ஏறியிராது, ஊர்ச்சபையில் வழக்காகியிருக்கும்.

இதனை நம் வினாவிற் பொருத்திப் பார்க்க. ஆசிரியர் தம் மாலைப்பொழுதைச் செலவிட்டு மாணாக்கரைக் கழிக்கரைக்கு அழைத்துச் செல்லின், அவர் சமைப்பது தம் விதைநெல். மாணாக்கன் தானே விரும்பி விடுமுறை நாளொன்றைக் கொடுப்பின் அதுவும் அவன் விதைநெல். ஆனால் மேலிருப்பார், அறிக்கையில் எண்ணிக்கை காட்டுதற்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, அட்டை பிடிக்கச்செய்து, உறுதிமொழி கூறுவித்துப் படமெடுத்துக்கொள்வாராயின், அஃது அயலான் வயலை வாருதலேயாம். உலகப் பசி தீர்ந்ததோ இல்லையோ, அப்பிள்ளைகளின் ஒரு காலைப்பொழுது தீர்ந்தது. இவ்வகை ஆரவாரங்கள் மலிந்த இந்நாளில் மூன்றாந் தடையை எழுப்புவாரை யாம் குறைகூறோம். அவர் தடுப்பது இதனையே. இதனைத் தடுத்தல் நன்று.

அயோவா மன்றத்தைப் பற்றியும் ஒரு சொல். தொலைவிலுள்ள நாட்டின் பசியை ஆராய்தல் அம்மாணாக்கர்க்கு உள்ளத்தை விரிக்கும். செல்வநாட்டுப் பிள்ளைக்கு அது வேண்டற்பாலதே. எண்ணூர்ப் பிள்ளைக்கோ அங்ஙனம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. உலகத்து உணவு வழக்கின் இருபக்கமும் அவன் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கின்றன.

கொற்றலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழி இறாலுக்கும் நண்டுக்கும் மடவைமீனுக்கும் பேர்பெற்றது. படகும் வலையுமின்றிக் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பாரும் அங்குண்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆண்டாண்டாகப் படிந்து கழியின் ஆழம் குறைந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்தினின்று வந்த எண்ணெய் கழியிலும் கடலிலும் பரந்து, வலைகளையும் படகுகளையும் கறைபடுத்திற்று. பல நாள் மீன்பிடித்தல் நின்றது. அத்திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்து ஊரிற் புக, மூச்சுத் திணறிய மக்கள் இருளில் வீடுகளைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர்.

அவ்வம்மோனியா எதற்காக வந்தது? கப்பலினின்று உரத்தொழிற்சாலைக்கு. உரம் எதற்கு? நெற்பயிர்க்கு. காற்றிலுள்ள நைட்ரசனைப் பிணித்து அம்மோனியாவாக்கும் முறையை செர்மானிய நாட்டு ஃபிரிட்சு ஏபர் 1909-இற் செய்துகாட்ட, கார்ல் போசு 1913-இல் அதனைப் பேராலையாக்கினார். இன்று உலகமக்களுள் ஏறத்தாழச் செம்பாதியர் உண்ணும் சோறு அம்முறையால் வந்த உரத்தைச் சார்ந்தது என்று அறிஞர் மதிப்பிடுவர். எண்ணூரில் 1963 முதலும், மணலியில் 1971 முதலும் உரம் செய்யப்பட்டு வந்துள்ளது. ஆகவே தஞ்சைக் கழனியில் விளைந்து நம் இலையில் விழும் சோற்றில் எண்ணூர்க்குப் பங்குண்டு. எண்ணூர்க் கழியில் வலை வெறுங்கையாய் மீளுதலில் அச்சோற்றை உண்ணும் நமக்கும் பங்குண்டு. ஒருவர் கலம் நிறைதற்கு மற்றொருவர் கலம் குறையுமாயின், குறைவின் விலையை யார் கொடுப்பது?

உரவாலையை மூடுக என்று கூறிவிடுதல் எளிது. வளர்ச்சிக்கு இவையெல்லாம் வருவனவே என்று கைகழுவுதல் அதனினும் எளிது. இரண்டும் நினையாதார் விடைகள். முதல் விடை கழனியை மறந்தது, இரண்டாவது கழியை மறந்தது. பெரியகுப்பத்தில் அவ்விரவு விழித்தெழுந்து ஓடிய பிள்ளையொருவன், இன்று பத்தாம் வகுப்பில் அம்மோனியாவின் வாய்பாட்டை எழுதிப் பயில்வானாயின், அவனுக்கு இவ்வினாவை ஒளித்துவைப்பது கல்வியாகுமா? இவ்விருபக்கத்தையும் ஒருங்கு காணத்தக்க இடம் தமிழ்நாட்டில் அவனூரைப்போல் வேறொன்று அரிது. அவன் தந்தையார் எந்தத் திங்களில் எத்துணைக் கூடை மீனொடு மீண்டார் என்பதனை நாட்குறிப்பாக எழுதிவருதல் அவனால் இயலும். ஒரு வகுப்பார் அங்ஙனம் மூன்றாண்டு எழுதின், வழக்காடுமன்றத்தாரும் ஆலையாரும் அதிகாரிகளும் வேண்டிநிற்கும் சான்று அப்பள்ளியில் இருக்கும். தீர்ப்புக் கூறுதல் அவன் கடனன்று. உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்தல் அவனுக்கு ஏற்ற தொண்டு.

பள்ளிதோறும் காய்கறித் தோட்டம் இடுக என்று நடுவணரசு 2019-இல் நெறிமுறைகள் வகுத்தது. நல்ல கருத்தே. ஆயினும் சாம்பலும் ஆலைக்கழிவும் படிந்த நிலத்திற் கீரை விதைக்குமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். ஈயம் முதலியன கலந்த மண்ணில் முளைத்த கீரையைச் சிறுமிக்கு ஊட்டுதல் அன்னமிடுதலாகாது. மண்ணைச் சோதிக்கும் பாடமே தோட்டத்தின் முதற்பாடமாகுக. மண் தகாதெனின் தொட்டியில் வளர்க்கலாம். எதனால் தகாததாயிற்று என்று வினவவும் செய்யலாம்.

இவற்றினும் அணித்தாயது பள்ளி அடுக்களை. நீதிக்கட்சியின் தலைவருள் ஒருவரும் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்தவருமாகிய பிட்டி தியாகராய செட்டியார், வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்தவர். 1920-இல் மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் நண்பகலுணவு வழங்கத் தொடங்கியது அவர் காலத்தேயாம். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. சில ஆண்டுகளில் அது நின்றது. 1956-இற் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிற்று. 1982 சூலையில் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியிற் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப்பள்ளிச் சிறார்க்குக் காலையுணவும் சேர்ந்தது. இத்துணையிருந்தும், 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கின்படி இம்மாநிலத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட சிறாருள் நூற்றுக்கு 25 பேர் வயதிற்கேற்ற உயரமில்லாதவர். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்டிருள் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகையுடையார். இவ்வெண்களுள் நூற்றுக்கணக்கான பள்ளிச் சிறுமியர் அல்லர், பல நூறாயிரவர் அடங்குவர்.

சத்துணவில் எவ்வளவு எஞ்சுகின்றது, எந்நாளில் எஞ்சுகின்றது, ஏன் எஞ்சுகின்றது என்று ஒன்பதாம் வகுப்பார் ஒரு திங்கள் நிறுத்தெழுதிப் பார்ப்பாராக. சோறு குழைந்தமையாலோ, மணி விரைந்தடித்தமையாலோ, கைகழுவ நீரின்மையாலோ, சத்துணவு உண்டலை இழிவாக எண்ணும் நாணத்தாலோ? கடைசியிற் கூறிய நாணம் நிறைகோலில் ஏறாது. ஆயினும் உண்மையிற் பெரிதும் தடுப்பது அதுவே என்று யாம் கருதுகின்றோம். ஏற்போன் கை கீழ்க்கை என்னும் எண்ணம் பிள்ளையின் நெஞ்சில் எவ்வாறோ புகுந்துவிடுகின்றது. அதே பிள்ளை அவ்வடுக்களையின் கணக்கை எழுதுபவனாகவும், குறையைக் கண்டு சமையலம்மையாரோடு கலந்து திருத்துபவனாகவும் ஆங்கால், அவன் உண்பது பிறர் இட்ட சோறாகாது, தானும் பொறுப்பேற்ற சோறாகும். மாணாக்கரைப் பசிநீக்கும் தொண்டில் ஈடுபடுத்துக என்று யாம் கூறுதற்குத் தலையாய காரணம் இதுவே. உலகுக்கு அவரால் ஆகும் பயன் பிற்பட்டது. ஈவோர், ஏற்போர் என்னும் பிளவு அவருள்ளத்தில் வேரூன்றாதிருத்தல் முற்பட்டது. அப்பர் பெற்ற வாசியில்லாக் காசை ஈண்டு நினைத்துக்கொள்க.

ஒன்று எஞ்சியுள்ளது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. பதினொன்றாம் வகுப்பேறிய பிள்ளைக்குப் பசி நின்றுவிடுவதில்லை. பொழுது புலருமுன் காசிமேட்டு மீன்துறைக்கு வேலைக்குச் செல்லும் தாய்தந்தையர் அடுப்பு மூட்டாது சென்றிருப்பின், மேனிலை வகுப்பு மாணாக்கி ஒருத்தி காலையும் நண்பகலும் உண்ணாது மாலைமணிவரை அமர்ந்திருத்தல் கூடும். அவள் வாய்திறந்து கூறாள். திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ ஒரு மேனிலைப் பள்ளியின் மாணாக்கர் தாமே இதனைக் கணக்கெடுக்க முன்வருவாராயின், பெயர் கேளற்க, கையுயர்த்தச் சொல்லற்க. துண்டுத்தாளில் இன்று உண்டேன், உண்டிலேன் என்று மட்டும் எழுதிப் பெட்டியிலிடச் செய்க. ஒரு திங்களில் வேறுவேறு கிழமைகளிற் பத்துநாள் இங்ஙனம் எடுத்த கணக்கை, பெற்றோர் அமரும் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைப்பாராக. அத்தாளைக் கையில் வாங்கிய பின்னர் செய்யவேண்டுவது மாணாக்கர் கடனன்று, அங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் கடன்.